மலைக்காரர்களுக்கு எடின்பரோ விழா வேலை எளிதா?

கேள்வி: குன்னூரிலிருந்து ஒரு வாசகி, 19 ஏப்ரல் 2025

வரும் செப்டம்பரில் முதுகலைப் படிப்புக்காக எடின்பரோ செல்கிறேன். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அங்கே நடக்கும் கலை விழாவில் வேலை செய்து கொஞ்சம் பணம் சேர்க்கலாம் என்று முன்பே போனவர்கள் சொல்கிறார்கள். சமவெளியிலிருந்து போகிறவர்கள் குளிருக்கும் மழைக்கும் தவிப்பார்கள். நாம் பனிமூட்டத்திலேயே வளர்ந்தவர்கள், மே மாத சீசன் கூட்டத்தையும் பார்த்துச் சலித்தவர்கள். ஆகையால் நமக்கு அந்த ஊரும் அந்த வேலையும் எளிதாகவே இருக்கும் என்பது என் எண்ணம். இருந்துவிட்டு வந்தவர்கள் இது சரிதானா என்று சொல்ல வேண்டும்.

20 ஏப்ரல் 2025, இரவு

நான் கோத்தகிரிக்காரி. 2021 செப்டம்பரில் எடின்பரோவுக்குப் படிக்கப் போய், 2024 இறுதியில் ஊர் திரும்பினேன். 2022, 2023 இரண்டு ஆகஸ்டிலும் விழாவில்தான் வேலை. குளிரைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. ஆகஸ்டில் அங்கே பகலில் 19 டிகிரி, இரவில் 11 டிகிரி என்ற அளவில் இருக்கும்; அதே மாதத்தில் ஊட்டியும் ஏறத்தாழ அப்படித்தான். சீசனைப் பற்றி எழுதியதுதான் தவறு. ஏன் என்று நாளை எழுதுகிறேன். கரண்ட் போய்விட்டது, கைபேசியில் சார்ஜும் இல்லை.

21 ஏப்ரல் 2025

முதலில் அந்த விழா எது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போய்ச் சேரும்வரை எனக்கே அது ஒரே விழா இல்லை என்பது தெரியாது. 1947-இல் எடின்பரோவில் சர்வதேசக் கலை விழா தொடங்கியபோது, அழைப்பே இல்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் வந்து கிடைத்த இடத்தில் நாடகம் போட்டன. அந்த ஓரத்துக் கூட்டம் வளர்ந்ததுதான் இன்று ஃபிரிஞ்ச் என்று அழைக்கப்படும் விழா. கோயில் திருவிழாவுக்கு வெளியே கடை போட்டவர்கள் பெருகிப் பெருகி, தேரையே மறைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், தேர்வுக் குழு கிடையாது. இடமும் பணமும் அவரவர் பாடு. மூன்று வாரத்துக்குச் சற்று மேலான நாட்களில் 3,000-க்கும் அதிகமான நிகழ்ச்சிகள் நடக்கின்றன. நான் வேலை செய்த 2022-இல் சுமார் 22 லட்சம் டிக்கெட்டுகளும், 2023-இல் 24 லட்சத்துக்கு மேலும் விற்றன. ஊரின் மக்கள்தொகையோ ஐந்து லட்சத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

இப்போது சீசனுக்கு வருகிறேன். நமக்கு சீசன் தெரியும் என்கிறீர்கள். எப்படித் தெரியும்? மலர்க் கண்காட்சி நேரத்தில் ஊட்டிக்குப் போக வேண்டியிருந்தால் காலை எட்டு மணிக்குள் வேலையை முடித்துவிட்டுத் திரும்பிவிடுவோம். காட்டேரி வளைவில் வண்டிகள் நிற்பதைப் பார்த்துத் திட்டுவோம். ரோட்டோரத்தில் பிளாஸ்டிக் தட்டைப் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து இன்னும் அதிகமாகத் திட்டுவோம். சீசனை நாம் சன்னலுக்கு உள்ளே இருந்து பார்த்தவர்கள். அங்கே நீங்கள் சன்னலுக்கு வெளியே நிற்பீர்கள். எடின்பரோக்காரர்கள் ஆகஸ்ட் மாதத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் நம் வீட்டுத் திண்ணைப் பேச்சை மொழிபெயர்த்தது போலவே இருக்கும்: வாடகை ஏறிவிட்டது, பஸ்ஸில் இடமில்லை, நடைபாதையில் நடக்க முடியவில்லை. அவர்கள் திட்டும் கூட்டத்தில் நாமும் ஓர் ஆள் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

21 ஏப்ரல் 2025, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். குளிர் ஒன்றுமில்லை என்று நேற்று எழுதிவிட்டேன், காற்றை மறந்துவிட்டேன். நம் குளிர் பெரும்பாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும், அந்த ஊர்க் குளிர் ஓடிவந்து மோதும். குடை எடுத்துப் போகாதீர்கள். நான் கொண்டுபோன மூன்று மடிப்புக் குடை வந்த நான்காம் நாளே ஒரு பாலத்தின் மேல் உள்வெளியாகத் திரும்பிக்கொண்டது. தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் சரி.

24 ஏப்ரல் 2025

விசா பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதை நிதானமாகப் படியுங்கள். என்னுடன் படித்தவர்களில் பாதிப் பேர் இதில்தான் தடுமாறினார்கள்.

மாணவர் விசாவில் பட்டப்படிப்பு அளவில் படிப்பவர்கள் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். விடுமுறையில் முழு நேரம் செய்யலாம். ஆகஸ்ட் கோடை விடுமுறைதானே என்று தோன்றும். இளங்கலை மாணவர்களுக்கு அது விடுமுறை. ஓராண்டு முதுகலை மாணவர்களுக்கு அது ஆய்வேடு எழுதும் காலம், ஆகவே படிப்புக் காலம், ஆகவே அதே 20 மணி நேரம். வாரம் என்பது திங்கள் தொடங்கி ஞாயிறு வரை. இந்த வாரம் 12, அடுத்த வாரம் 28, சராசரி 20 என்ற கணக்கெல்லாம் செல்லாது.

இரண்டாவது, இதைவிட வழுக்கலான இடம். மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக்கூடாது. விழாவில் நாடக நோட்டீஸ் கொடுக்கும் வேலைகளில் பல, கூலி வேலை போலத் தெரிந்தாலும், தாளில் சுயதொழிலாகவே எழுதப்பட்டிருக்கும். 2022-இல் எனக்கும் அப்படி ஒன்று வந்தது. சம்பளம் நன்றாகத்தான் இருந்தது. ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் வேண்டாம் என்று எழுதிவிட்டு, ஓர் அரங்கில் வாசல் வேலைக்குப் போனேன். படிப்பு முடித்துப் பட்டதாரி விசாவுக்கு மாறிய பிறகு, 2023-இல்தான் நோட்டீஸ் கொடுத்தேன். அந்த விசாவில் சுயதொழிலுக்குத் தடையில்லை.

உங்கள் பெரியப்பா மகனைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவர் தெருக்கூத்துக் கலைஞர் என்றால் அவருடைய கதை வேறு. கலைஞர்கள் பார்வையாளராக வந்து ஊதியத்துடன் நிகழ்ச்சி நடத்த அந்நாட்டு அரசு அனுமதிக்கும் விழாப் பட்டியலில் ஃபிரிஞ்ச் இருக்கிறது. மாணவர் விசாவில் இருக்கும் நீங்கள் தொழில்முறையாக மேடை ஏற முடியாது, அவர் ஏறலாம். வேடிக்கைதான்.

25 ஏப்ரல் 2025

'ஆமாம்' என்பதற்கு அங்கே 'ஆய்' என்பார்கள். வங்கி மேலாளர், பேராசிரியர், பஸ் ஓட்டுநர் எல்லோரும் சொல்வார்கள். முதல் வாரம் முகத்தை நேராக வைத்துக்கொள்ளப் பழகிக்கொள்ளுங்கள்.

29 ஏப்ரல் 2025

வாசல் வேலை என்றால் என்ன என்று கேட்டதற்கு நீண்ட பதில்.

ஆகஸ்ட் மாதத்தில் அந்த ஊரில் கதவு உள்ள எந்த அறையும் அரங்கமாகிவிடும். சர்ச் மண்டபம், வகுப்பறை, மதுக்கடையின் நிலவறை, எல்லாவற்றிலும் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு நாற்காலிகளைப் போட்டுவிடுவார்கள். ஒரு நிகழ்ச்சி பெரும்பாலும் ஒரு மணி நேரம். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் 15 நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்த 15 நிமிடத்துக்குள் பழைய கூட்டம் வெளியேற வேண்டும், நாங்கள் தரையைக் கூட்ட வேண்டும், பழைய குழு தன் சாமான்களை எடுக்க வேண்டும், புதிய குழு தன் சாமான்களை வைக்க வேண்டும், வரிசையில் நிற்பவர்களின் டிக்கெட்டைச் சரிபார்த்து உள்ளே விட வேண்டும். மேட்டுப்பாளையத்தில் பயணிகளை இறக்கிவிட்டு உடனே மலையேறும் பஸ்ஸில், இறங்குகிறவர்களுக்கு முன்பே ஏறுகிறவர்கள் சன்னல் வழியாகத் துண்டு போடுவார்களே, அந்த அவசரம்தான். ஆனால் யாரும் குரலை உயர்த்தாமல்.

என் அரங்கம் 60 நாற்காலிகள் கொண்ட ஒரு நிலவறை. இரண்டாம் நாள் மாலை ஒரு பெண் தனியாக நடிக்கும் நாடகம், தன் தாயின் கடைசி நாட்களைப் பற்றியது. தொடங்கிப் பத்து நிமிடம் ஆனபின் எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெரியவர் மழையில் நனைந்து, டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி படியிறங்கி வந்தார். தொடங்கிய பின் யாரையும் விடக்கூடாது என்பது விதி. எனக்கு வாய் வரவில்லை. நம் வீட்டில் அந்த வயதில் ஒருவர் ஈரத்தோடு வாசலில் நின்றால் முதலில் துண்டு கொடுப்போம், பிறகுதான் பேச்சு. கதவைத் திறந்துவிட்டேன்.

வெளி விளக்கின் வெளிச்சம் இருட்டில் நீளமாகப் பாய்ந்து, நேராக அந்தப் பெண்ணின் முகத்தில் விழுந்தது. அவர் ஒரு கையை இல்லாத கட்டிலின் மேல் வைத்திருந்தார். அந்தக் கை அப்படியே நின்றது. பெரியவர் தடுமாறி உட்கார, நாற்காலி ஒன்று தரையில் கிறீச்சிட்டது. கை மறுபடி அசைவதற்கு எத்தனை நொடி ஆயிற்று என்று தெரியாது, எனக்கு நீண்டது. நிகழ்ச்சி முடிந்தபின் என் சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். ஒரு முதியவரை மழையில் நிற்க வைக்கச் சொல்லும் ஊர் என்ன ஊர் என்று அன்றிரவு அம்மாவிடம் போனில் அழுதேன்.

2 மே 2025

நேற்று முன்தினம் எழுதியதைத் திரும்பப் படித்தேன். நான் நல்லவள், அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்பது போல வந்துவிட்டது. அது நியாயம் இல்லை. அந்த நடிகை மறுநாள் என்னிடம் வந்து, 'அந்தக் கதவு' என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் போய்விட்டார். அந்த மூன்று வாரத்துக்காக அவர் அரங்க வாடகை, தங்கும் அறை, விளம்பரம் எல்லாம் தன் கைப்பணத்தில் போட்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெரியவருக்கு நான் காட்டிய மரியாதை முழுவதும் அந்த நடிகையின் பணத்தில் காட்டிய மரியாதை. அடுத்த வாரம் இன்னொரு பாட்டி தாமதமாக வந்தபோது, படிக்கட்டில் உட்கார வைத்து, என் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன். ஆனால் கதவைத் திறக்கவில்லை. டீ நம்மூர்த் தூள்தான். நன்றாக இருக்கிறது என்றார்.

2 மே 2025, இரவு

நேற்று முன்தினம் இல்லை, மூன்று நாள் முன்பு. நாட்கணக்கு எனக்கு எப்போதும் இப்படித்தான்.

6 மே 2025

சம்பளம். 2022-இல் 23 வயது நிறைந்தவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 9.50 பவுண்டு. இருபது மணி நேரத்துக்கு 190 பவுண்டு, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 18,000 ரூபாய். (2025 ஏப்ரலில் அது 21 வயது நிறைந்தவர்களுக்கு 12.21 பவுண்டு ஆனது.) 'வாரத்துக்குப் பதினெட்டாயிரமா அக்கா!' என்று ஆச்சரியக்குறியோடு எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் பெருக்கினேன். அதே வாய்ப்பாட்டில் ஒரு காபி 330 ரூபாய் என்றும் பெருக்க வேண்டும். பெருக்குவதை நிறுத்தும் நாள்தான் அங்கே குடியேறிய நாள். எனக்கு அது ஏழாவது மாதம் வந்தது. ஊர் திரும்பிய பின் வகுக்கும் பழக்கம் வந்து தொலைத்தது வேறு விஷயம்.

விடுதி ஒப்பந்தம் ஆகஸ்ட் கடைசி வரை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நடுவில் முடிந்தால், ஊரிலேயே அறை விலை உச்சத்தில் இருக்கும் மாதத்தில் புது அறை தேட வேண்டியிருக்கும்.

9 மே 2025

வெளிச்சத்தைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நமக்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி இருபது நிமிடம் அளவில்தான். அங்கே ஜூனில் இரவு பத்து மணிக்குச் சூரியன் மறைகிறது. டிசம்பரில் பிற்பகல் மூன்றே முக்காலுக்குள் மறைந்து, மறுநாள் காலை எட்டரைக்கு மேல்தான் வருகிறது. குளிர் எனக்குப் பழக்கம், மூட்டம் பழக்கம். பகலே ஏழு மணி நேரம்தான் என்பது பழக்கமில்லை. முதல் டிசம்பரில் காரணமே இல்லாமல் எரிச்சல் வரும், மதியமே தூக்கம் வரும். உடம்பில் ஏதோ கோளாறு என்று பயப்படாதீர்கள். இருக்கும் வெளிச்சத்தில் தினமும் வெளியே நடந்துவிடுங்கள்.

இதை அப்பாயியிடம் போனில் சொன்னபோது, 'மூன்றரைக்கு இருட்டினால் மாடு எப்போது பட்டிக்கு வரும்?' என்று கேட்டார். அப்பாயி நுவரெலியா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தத்தின்படி கைக்குழந்தையோடு மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தவர். புது ஊருக்குப் போனால் முதலில் தண்ணீர் எங்கே பிடிப்பது என்று தெரிந்துகொள், பிறகு யாரோடு சண்டை போடக்கூடாது என்று தெரிந்துகொள் என்பது அவர் எனக்குச் சொல்லி அனுப்பியது. தண்ணீர் குழாயிலேயே வந்தது. இரண்டாவதை அரங்கில் தெரிந்துகொண்டேன்.

10 மே 2025

ஆகஸ்டில் கோத்தகிரி மழையை விட்டுவிட்டு எடின்பரோ மழைக்குப் போவதில் என்ன வித்தியாசம் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அவர் ஊட்டிக்கு மேற்கே பார்த்துவிட்டுப் பேசுகிறார். ஆகஸ்ட் மழை கூடலூருக்கும் அவலாஞ்சிக்கும் உரியது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் கிழக்குப் பக்கத்துக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில்தான். எடின்பரோ மழை இந்த இரண்டையும் போலக் கொட்டாது. தூறிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். கீழைக் கடலிலிருந்து ஏறிவரும் மூட்டத்துக்கு அங்கே 'ஹார்' என்று பெயர். பார்ப்பதற்கு நம் மூட்டம் போலவே இருக்கிறதே என்று ஆசையாக மூச்சை இழுத்தேன், உப்பு வாடை.

15 மே 2025

நோட்டீஸ் கொடுக்கும் வேலையைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், ஏனென்றால் எனக்கு அதில் வெட்கம் இருக்கிறது.

ஊட்டி சேரிங்கிராஸில் 'ரூம் வேணுமா சார்' என்று வண்டிகளின் பின்னால் ஓடும் பையன்களைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அவர்களைப் பற்றி நல்ல வார்த்தை பேசமாட்டோம். 2023 ஆகஸ்டில் எடின்பரோவின் ராயல் மைலில், கோட்டையிலிருந்து இறங்கும் கல் பாவிய தெருவில், ஒரு கட்டு நோட்டீசோடு நின்றபோது, நான் செய்வது அதே வேலை என்பது முதல் அரை மணி நேரத்திலேயே விளங்கிவிட்டது. என்னைச் சுற்றி நூறு பேர் அதையே செய்தார்கள். கண்ணைப் பார்த்தால் முகத்தைத் திருப்புவார்கள். சிலர் வாங்கி, பத்தடி தள்ளிக் குப்பைத் தொட்டியில் போடுவார்கள். சொல்லிக் கொடுத்த ஆங்கில வாசகத்தை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் ஆள் இரண்டு கடை தாண்டியிருப்பார். ஒரு நாளைக்கு முந்நூறு முறை 'வேண்டாம்' கேட்பது காதுக்குப் பழகும். வயிற்றுக்குப் பழக இரண்டு வாரம் ஆனது.

கடைசியில் வாசகத்தைக் கைவிட்டேன். ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: 'இன்று என்ன பார்த்தீர்கள்?' மழைக்கு ஒதுங்கி நிற்பவர்களிடம் மட்டும் கேட்டேன். அவர்கள் பேசினார்கள், பேசிய பின் தாளை அவர்களே கேட்டு வாங்கினார்கள். நான் நோட்டீஸ் கொடுத்த நாடகத்துக்கு அன்று 11 பேர் வந்தார்கள், அதில் மூன்று பேர் என் ஆட்கள். அந்த மூன்று முகங்களும் இன்னும் நினைவிருக்கின்றன.

16 மே 2025

குப்பைத் தொட்டி என்று எழுதியதும் 2022 நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 18 முதல் 30 வரை துப்புரவுப் பணியாளர்கள் ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். விழாவின் உச்ச நாட்கள். தொட்டிகள் பிதுங்கி, தெருவெல்லாம் காபிக் கோப்பைகளும் நனைந்த நோட்டீசுகளும். நீலகிரியைப் பிளாஸ்டிக்கால் கெடுக்கிறார்கள் என்று புலம்பியபடியே வளர்ந்த நான், அந்தக் குவியலில் எங்கள் அரங்கின் நோட்டீசைத் தேடிக் கண்டுபிடித்து, கவலைப்பட்டது எதற்கு என்றால், அச்சு நன்றாக வந்திருக்கிறதே, இப்படி வீணாகிவிட்டதே என்று.

20 மே 2025

வர்க்கி கொண்டுபோகலாமா என்ற கேள்விக்கு: கொண்டுபோகலாம், தூளாகத்தான் போய்ச் சேரும். கரண்டியால் டீயில் போட்டுச் சாப்பிட்டேன், குறை சொல்ல முடியாது.

இன்னொன்று. ஏப்ரல், மே மாதங்களில் ஆர்தர்ஸ் சீட் என்ற குன்றில் ஏறிப் பாருங்கள். ஊட்டிப் புல்வெளிகளில் மஞ்சள் பூப் பூக்கும் முட்புதர் ஒன்று உண்டே, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து போட்டு, இன்று சோலைப் புல்லை விழுங்குகிறது என்று வனத்துறை வெட்டிக்கொண்டிருக்கும் கார்ஸ். அதற்கு அதுதான் சொந்த ஊர். சரிவு முழுவதும் பூத்துக் கிடந்தது. வெயில் பட்டதும் அதிலிருந்து தேங்காய் வாசம் வந்தது. நம்மூரில் அந்தச் செடிக்குப் பக்கத்தில் போய் முகர்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எட்டு மாதமாகத் தேங்காய் உடைக்காத ஆள் அங்கே எவ்வளவு நேரம் நின்றிருப்பாள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

27 மே 2025

ஞாயிற்றுக்கிழமை வேலையாக ஊட்டி போக நேர்ந்தது. சீசனில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகளுக்குத்தான் இ-பாஸ் என்று நீதிமன்றம் வரம்பு வைத்த பிறகும் சேரிங்கிராஸில் நெரிசல்தான். டி.என்.43 என்ற நீலகிரிப் பதிவு எண் கொண்ட எங்கள் வண்டிக்கு இ-பாஸ் தேவையில்லை என்பதைத் தவிர எங்களுக்கும் வந்தவர்களுக்கும் அங்கே ஒரு வித்தியாசமும் இல்லை. (எடின்பரோவும் 2026 ஜூலை 24 முதல் தங்கும் கட்டணத்தில் 5 விழுக்காடு வரி வாங்கப் போகிறது, நீங்கள் அங்கே வேலை செய்யும் ஆகஸ்டில் அதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள்.)

வண்டி நின்றபோது ஒரு பையன் ஓடிவந்து லாட்ஜ் கார்டு ஒன்றை நீட்டினான். வழக்கமாகக் கண்ணாடியை ஏற்றிவிடும் நான், இம்முறை வாங்கி, இரண்டு பக்கமும் படித்தேன். 'எத்தனை பேர் மேடம், வெந்நீர் இருபத்து நாலு மணி நேரமும் வரும்' என்று தொடங்கிவிட்டான். 'இல்லை தம்பி, எனக்குக் கோத்தகிரியிலேயே வீடு, சும்மா படித்தேன்' என்றேன்.

'அப்போ கார்டைக் கொடுங்கக்கா, நாலுதான் இருக்கு' என்று கையை நீட்டினான். கொடுத்துவிட்டேன்.